இறக்கைக்கு முன்னால் போனவள்

சுல்மிரா ரொட்டி வண்டி ஓட்டிய காலத்தில் மலைமேல் ஒன்றும் கிடையாது. புதர், பாறை, யாருக்கும் அடங்காத மாடுகள், அப்புறம் காற்று. காற்றை யாரும் ஒரு பொருளாக நினைத்ததில்லை. துணி உலர்த்தும், கூரை ஓட்டைப் பிடுங்கும், அவ்வளவுதான்.

காலையில் கடலோர நகரமான வியானாவுக்கு வெளியே உள்ள பேக்கரியில் வண்டியை நிரப்பிக்கொண்டு மலையடி ஊர்களுக்குள் நுழைவாள். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பாள். வீட்டுக் கதவுக் கைப்பிடிகளில் துணிப்பை தொங்கும். அதில் ரொட்டியைப் போட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போவாள். முதல் நாள் போட்ட ரொட்டி எடுபடாமல் கிடந்தால் கதவைத் தட்டாமல் நகரமாட்டாள். இப்படித் தட்டி இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அவள் புருஷன் லக்ஸம்பர்க்குக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். சட்டப்படி பிரிந்தும் ஆயிற்று. யாராவது அதைக் கிளறினால், "அவனுக்கு அந்த ஊர் ரொட்டி பிடிச்சுப்போச்சு" என்று சொல்லிவிட்டு கியரைப் போடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் தலைநகர் லிஸ்பனில் அரசு பெரிய ஏலம் ஒன்றை அறிவித்தது. எண்ணெயையும் நிலக்கரியையும் வெளியே வாங்கியது போதும், இனி காற்றில் மின்சாரம் எடுக்கலாம். யார் இங்கேயே தொழிற்சாலை கட்டி ஆட்களுக்கு வேலை கொடுக்கிறார்களோ அவர்களுக்கே மலைகளில் காற்றாலை வைக்க அனுமதி, அந்த மின்சாரத்துக்குப் பல வருஷத்துக்கு உறுதியான விலை என்று சொன்னார்கள். ஊரில் யாரும் நம்பவில்லை. ஆனால் வியானா கடலோரத்தில் நிஜமாகவே கொட்டகைகள் எழும்பின. துணி தைத்துக்கொண்டிருந்த பெண்களும் மீன் டப்பா அடைத்துக்கொண்டிருந்த பெண்களும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காற்றாலை இறக்கைக்குக் கண்ணாடி இழை விரிக்கப் போனார்கள்.

கருங்கல் ஏற்றும் லாரிகள் வைத்திருந்த வால்டெமாருக்கு இறக்கைகளை மலைக்குக் கொண்டுசெல்லும் வேலை கிடைத்தது. ஒரு நாள் அவர் ரொட்டி வண்டியை நடுரோட்டில் மறித்தார்.

"ஏம்மா சுல்மிரா, இந்த மலைப்பாதையெல்லாம் உனக்கு அத்துப்படி இல்ல?"

"பாதை மட்டுமா? எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு ஆள் கடிப்பான்னும் தெரியும்."

"அப்ப ரொட்டிய விட்டுட்டு எங்கிட்ட வா. முன்வண்டி ஓட்ட ஆள் வேணும். இறக்கை கொண்டு போகப் போறோம்."

"என்ன இறக்கை? கோழி இறக்கையா?"

"கோழிதான். கொஞ்சம் பெரிய கோழி."

அந்தக் கோழியைப் பார்க்க அவளைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனார்கள். முற்றத்தில் அது ஒருக்களித்துப் படுத்திருந்தது. ஊர்ச் சர்ச்சின் கோபுரத்தைப் பிடுங்கிப் பக்கத்தில் படுக்கவைத்தாலும் பாதிக்கு மேல் வராது. வேர்ப்பக்கம் ஓர் ஆள் நிமிர்ந்து நுழையலாம், நுனிப்பக்கம் உள்ளங்கையில் அடங்கும். சுல்மிரா தடவிப் பார்த்தாள். குளிப்பாட்டித் துடைத்த குழந்தையின் முதுகு போல இருந்தது. இதை எப்படி அந்தச் சந்துகளுக்குள் கொண்டுபோவார்கள் என்று கேட்கவில்லை. மறுநாளே பேக்கரிக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள்.

வேலை இதுதான். கூரையில் மஞ்சள் விளக்கு சுழலும் காரில் அவள் முன்னால் போவாள். மின்கம்பி தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்க காரின்மேல் நெட்டுக்குத்தாக ஒரு கம்பு. கையில் வாக்கி-டாக்கி. பின்னால் கீம் லாரியை ஓட்டிவருவான். தடித்த கழுத்து, பெண்பிள்ளைக் குரல், எந்நேரமும் பசி. டிரெய்லரின் பின்சக்கரங்களைத் தனியாகத் திருப்ப இன்னொருவர் நடந்துவருவார். முந்தின நாளே சுல்மிரா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைப்பாள்.

"அத்தை, நாளைக்கு இறக்கை வருது. பூந்தொட்டிய உள்ள எடுத்து வச்சிருங்க."

"மாமா, உங்க டிராக்டரு நிழல்லயே நிக்கட்டும், ஆனா அந்த நிழல் உங்க கொட்டாய்ல இருக்கட்டும்."

எல்லாரும் அவளிடம் ரொட்டி வாங்கினவர்கள். முணுமுணுத்தாலும் எடுத்துவைப்பார்கள். இறக்கை வரும்போது சன்னலுக்குச் சன்னல் தலைகள் தெரியும். கிழவிகள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். கீம் ஸ்டியரிங்கை இம்மி இம்மியாகத் திருப்ப, அவள் காருக்கு வெளியே தலையை நீட்டி, "வா, வா, வா... போதும்டா தடியா, நில்லு!" என்று வாக்கி-டாக்கியில் கத்துவது ஊருக்கே கேட்கும். பிள்ளைகள் அதை விளையாட்டாக்கி, தெருவில் ஏணியைச் சுமந்துகொண்டு "நில்லுடா தடியா" என்று கத்திக்கொண்டு திரிந்தார்கள்.

அந்தக் கோடையில் ஃபொன்தெலா ஊர்வழியாக ஓர் இறக்கை போக வேண்டியிருந்தது. ஜூலையிலேயே போயிருக்க வேண்டும். மலைமேல் கிரேன் நிற்க முடியாத காற்று. காற்றுக்காக வாங்கிய பொருள் காற்றுக்குப் பயந்து தொழிற்சாலையில் காத்துக் கிடந்தது. தள்ளித் தள்ளி ஆகஸ்ட் வந்துவிட்டது. ஆகஸ்டில் எங்கள் ஊர்கள் எங்கள் ஊர்களாக இருக்காது. பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் வேலைக்குப் போனவர்களெல்லாம் வந்து இறங்குவார்கள். சந்துக்குச் சந்து வெளிநாட்டு எண் பலகை போட்ட கார்கள் நிற்கும். போதாக்குறைக்கு ஃபொன்தெலாவில் புனித லொரென்சோ திருவிழா. தெருவுக்குக் குறுக்கே விளக்கு வளைவுகள் கட்டியிருந்தார்கள்.

சுல்மிரா அசரவில்லை. வளைவு கட்டியவர்களிடம் பேசி ஒவ்வொன்றாகக் கழற்றவைத்தாள். பிரான்ஸ் கார்களை நகர்த்தவைத்தாள். ஒன்றை மட்டும் அவள் பார்க்கவில்லை. சர்ச்சுக்கு முந்திய சாலை வளைவில், வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்ததால் அவள் தட்டாமல் விட்ட ஒரு வீட்டு வாசலில், அவள் கடைசியாகப் பாதையைப் பார்த்துவிட்டுப் போன பிறகு புதிதாக இரண்டு கல்தூண்கள் முளைத்திருந்தன. நடுவில் இரும்பு கேட். தூணில் ஒன்று வளைவின் உள்பக்கம் சரியாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

இறக்கை பாதி திரும்பி நின்றது. முன்னாலும் போக முடியவில்லை. பின்னால் இறக்கமாக இருந்ததால் அப்படியே பின்வாங்கினால் டிரெய்லர் சரிந்துவிடும் என்று கீம் பயந்தான். நுனி ஒரு சோளக்கொல்லைக்கு மேலே வானத்தில் நின்றது.

கேட்டுக்குச் சொந்தக்காரன் வெளியே வந்தான். நரைத்த மீசை, சுண்ணாம்பு படிந்த கை. பெயர் அர்லிந்தோ. பாரிஸ் பக்கம் கல் வேலை செய்துவிட்டு அந்த வசந்தத்தில்தான் ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தான்.

"இது யாரு வச்ச தூணு?" என்றாள் சுல்மிரா.

"நான் வச்ச தூணு. என் வீட்டு முன்னால."

"போன மாசம் இங்க தூணே இல்லையே!"

"போன மாசம் இங்க உன் கப்பலும் இல்லையே."

கூட்டம் சிரித்தது. வால்டெமார் போனில் கத்தினார். இடித்துவிடட்டும், வேண்டியதைக் கொடுத்துவிடலாம் என்றார். அர்லிந்தோ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அங்க ஊரான் வீட்டுக்கெல்லாம் தூண் வச்சேன். ஒவ்வொண்ணு வைக்கும்போதும் என் வீட்டுக்கு எப்படி வைக்கணும்னு யோசிச்சுக்கிட்டே வச்சேன். இத இடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

இப்படியாக இறக்கை ஊருக்குக் குறுக்கே தங்கிவிட்டது. திருவிழா அதைச் சுற்றி நடந்தது. வெயிலுக்கு அந்த ஊரில் அவ்வளவு நீளமான நிழல் அதுவரை விழுந்ததில்லை. பாண்டு வாத்தியக்காரர்கள் அதனடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காற்று அடித்தபோது இறக்கையின் வயிற்றுக்குள் மெல்லிய முனகல் கேட்டது. பிள்ளைகள் காதை வைத்துக் கேட்டார்கள். சப்பரம் வந்தபோது தூக்கிவந்தவர்கள் முழங்காலை மடக்கி, புனிதரைச் சாய்த்து, இறக்கைக்கு அடியில் கொண்டுபோனார்கள்.

"எந்த மந்திரிக்கும் குனியாத லொரென்சோ, இந்த வெள்ளைக் கம்புக்குக் குனிஞ்சிட்டாரே!" என்று அல்பெர்த்தினா அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அந்த ஊரிலேயே மூத்தவள் அவள்தான். அவள் வாயிலிருந்து வருவது மறுநாளைக்குள் நாலு ஊருக்குப் போய்விடும். போயிற்று. பக்கத்து ஊர்களிலிருந்து புனிதரைப் பார்க்க அல்ல, கம்பைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

சுல்மிரா இறக்கையை விட்டு நகரவில்லை. காரிலேயே தூங்கினாள். யாராவது பட்டாசைக் கொளுத்தி அதன்மேல் போட்டுவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். அர்லிந்தோ கீரை சூப்பும் சோள ரொட்டியும் கொண்டுவந்து காரின் பானெட்மேல் வைத்தான்.

"சாப்பிடு. உன்மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல."

"எனக்கு இருக்கு."

"சரி, கோபத்தோடவே சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். சூப் நன்றாகத்தான் இருந்தது. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, உப்பு கூட என்று மட்டும் சொன்னாள். அடுத்த வேளை உப்புக் குறைவாக வந்தது.

திருவிழா முடிந்த காலையில் அவள் முடிவு செய்துவிட்டாள். இறக்கையைக் கிரேன் வைத்துத் தூக்கிப் பின்னால் எடுத்துவிடலாம், வேறு வழி பார்க்கலாம் என்று வால்டெமாரிடம் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும். கேட்டண்டை போய், "உங்க தூணு பத்திரமா இருக்கட்டும். நாங்க திரும்பிப் போறோம்" என்றாள்.

அர்லிந்தோ கேட்டைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான். "மூணு நாளா ஊரையே திட்டின. என்னைய மட்டும் திட்டவே இல்லையே?"

"திட்டினா இடிச்சிருப்பீங்களா?"

"மாட்டேன்." தூணின்மேல் கையை வைத்தான். "ஆனா பாரு, கேட்டு கட்டி முடிச்ச நாள்லேர்ந்து யாரும் இது வழியா உள்ள வரல. நானும் தினம் சாயங்காலம் பூட்டுறேன். யாரு வராம இருக்கப் பூட்டுறேன்னு எனக்கே தெரியல."

உளியையும் கடப்பாரையையும் எடுத்துவந்தான். யாரையும் தொடவிடாமல், தூணை மேலிருந்து கல் கல்லாகத் தானே பிரித்தான். ஒரு கல்கூட மூளி ஆகவில்லை. கீம் லாரியைக் கிளப்பினான். "வா, வா, வா..." என்ற குரல் அன்றைக்கு வழக்கத்தைவிடத் தணிவாக இருந்தது என்று கீம் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இறக்கை சர்ச்சுச் சுவரை உரசாமல் திரும்பி மலையேறியது.

அடுத்த வருஷம் அவர்களுக்குக் கல்யாணம். தூண் திரும்ப எழும்பியது, வீட்டுப் பக்கம் நன்றாகத் தள்ளி. விருந்தில் அல்பெர்த்தினா அத்தை எழுந்து நின்று, "கேட்டுக்குள்ள வர இந்தப் பொண்ணுக்கு எவ்வளவு பெரிய சாவி தேவைப்பட்டிருக்கு பாருங்க!" என்றாள். சுல்மிராவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. பெண்ணுக்கு வெட்கம் வந்ததை ஊரே பார்த்தது.

அப்புறம் வந்ததுதான் நல்ல காலம். அவளைக் கேட்டால் இன்றைக்கும் அந்த வருஷங்களைத்தான் சொல்வாள். ஒரு மலை முடிந்து இன்னொரு மலை. பனிமூட்டத்தில் மஞ்சள் விளக்கு சுழல, பின்னால் இறக்கை ஒரு பெரிய மீன் போல ஊருக்குள் நீந்திவரும். மலையுச்சியில் வெள்ளைக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதல் தடவை அவை சுற்றியபோது மந்திரி வந்தார், மத்தளம் முழங்கியது, ஆட்டுக்குட்டி சுட்டார்கள். மலை ஊர்ப் பொதுச்சொத்து. அதற்கு வந்த வாடகையில் ஊர்க் கூடத்துக்குக் கூரை போட்டார்கள், தீயணைப்பு வண்டி வாங்கினார்கள், எதற்குச் செலவழிப்பது என்று சட்டையைப் பிடித்துச் சண்டையும் போட்டார்கள். அர்லிந்தோ ஒவ்வொரு இறக்கை வரும்போதும் கேட் அருகே நின்று தொப்பியைக் கழற்றுவான். அவள் வேலை நேரத்தில் அவனைப் பார்க்காத மாதிரிப் போவாள். கீம்தான் பின்னாலிருந்து ஹாரன் அடிப்பான். மதியம் அந்த வீட்டில்தான் சாப்பாடு. பெரிய மேசை, பகல்யாவ் என்கிற உப்பு மீன் பொரியல், உள்ளூர்ப் பச்சை வைன். அங்கே உட்கார்ந்து டிரைவர்கள் பேசிய கதைகளில் பாதி பொய். எது பாதி என்று யாருக்கும் தெரியாது.

எல்லாம் ஒரு குளிர்காலத்தில் நின்றது.

நாடு கடனில் மூழ்கிவிட்டது என்றார்கள். கடன் கொடுத்தவர்கள் லிஸ்பனில் வந்து உட்கார்ந்தார்கள். காற்றாலை மின்சாரத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம் என்று பேச்சு எழுந்தது. புதிய அனுமதி கிடையாது என்று அரசு அறிவித்துவிட்டது. இருந்த காற்றாலைகள் பாட்டுக்குச் சுற்றின. புதிதாக எதுவும் மலையேறவில்லை. வால்டெமார் டிரெய்லர்களைக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினார். அவற்றின்மேல் கோழிகள் தூங்கின.

தொழிற்சாலை மட்டும் ஓடியது. இறக்கைகள் இப்போது கப்பலேறி வெளிநாடு போயின. தொழிற்சாலையிலிருந்து துறைமுகத்துக்கு நேர்ச்சாலை. சுல்மிரா அங்கே கொஞ்ச நாள் முன்வண்டி ஓட்டிப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்று அர்லிந்தோ கேட்டான்.

"வளைவே இல்ல. எதுக்கு முன்னால போறேன்னே தெரியல. பின்னால வர்றவனுக்கு ரோடு தெரியுது, முன்னால போற எனக்கு வேலை தெரியல."

வடக்கு பிரான்ஸில் காற்றாலைகள் நிறைய எழும்புகின்றன, அங்கே முன்வண்டிக்கு ஆள் வேண்டும் என்று வால்டெமார் தகவல் கொண்டுவந்தார். கீம் புறப்பட்டான். அவளும் புறப்பட்டாள். அர்லிந்தோவைக் கூப்பிட்டாள். அவன் வரவில்லை.

"நான் அங்க போறதுக்கு இல்ல. என் பங்க அங்க கொடுத்துட்டு வந்துட்டேன்."

"நான் மட்டும் போகட்டுமா?"

"போ. குடை எடுத்துக்கோ. நான் வர்றப்ப பெஞ்சுக்கிட்டிருந்த மழை இன்னும் விட்டிருக்காது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பஸ் திரும்பியதும் அவன் கேட்டைச் சாத்தாமலேயே உள்ளே போனதைச் சன்னல் வழியே அவள் பார்த்தாள்.

அங்கே மண் தட்டையாகக் கிடந்தது. பீட்ரூட் வயல்கள், செங்கல் வீடுகள், அடிவானம் வரை காற்றாலைகள். வேலை சுலபம். யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, பலகை வைத்தால் போதும். சன்னல்கள் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அர்லிந்தோ ஊர்ச் செய்திகளைப் படிப்பான். யார் வீட்டு நாய் குட்டி போட்டது என்பதுவரை சொல்வான். கடைசியில் போனை வைக்க இரண்டு பேருக்கும் மனம் வராது. அவன் பக்கத்திலிருந்து கோழி கத்துவது கேட்கும்.

இப்படிச் சில வருஷம் ஓடியது. ஒரு காலை, ஓர் ஊர் எல்லையில் ஆட்கள் சாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வானத்தை விடுங்கள் என்று துணியில் எழுதிப் பிடித்திருந்தார்கள். போலீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. முன்வரிசையில் அவள் வயது மனுஷி ஒருத்தி, போர்வையைச் சுற்றிக்கொண்டு, சுல்மிராவையே பார்த்து என்னவோ திட்டிக்கொண்டிருந்தாள். பாதிதான் புரிந்தது.

"பதில் சொல்லேன், உனக்கா வாயில்ல?" என்றான் கீம் வாக்கி-டாக்கியில்.

சுல்மிரா வாக்கி-டாக்கியை இருக்கையில் வைத்தாள். ஊரில் என்றால், "அத்தை, உங்க மருமக வீட்டுல கரண்டு இல்லன்னா நீங்கதானே முதல்ல கத்துவீங்க" என்று ஒரே போடாகப் போட்டிருப்பாள். இந்த மனுஷிக்கு மருமகள் இருக்கிறாளா என்றே தெரியாது. காலையில் என்ன சாப்பிட்டாள், எந்த வீடு, முழங்கால் வலி உண்டா, எதுவும் தெரியாது. முன்பின் தெரியாதவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? போலீஸ் வந்து அவர்களைத் தூக்கி ஓரமாக விட்டது. அந்த மனுஷியின் செருப்பு ஒன்று சாலையில் கிடந்தது. சுல்மிரா இறங்கி அதை எடுத்து அவள் காலருகே வைத்தாள். அவள் வாங்கி மாட்டிக்கொண்டு, மறுபடி திட்டினாள்.

அந்த மாதக் கடைசியில் சுல்மிரா ஊருக்கு வந்துவிட்டாள். கீமும் பின்னாலேயே வந்தான். அங்கே சோள ரொட்டி கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னான்.

வால்டெமார் இறந்துபோயிருந்தார். அல்பெர்த்தினா அத்தையும் இல்லை. ஊரில் பாதிக் கதவுகளில் துணிப்பை தொங்கவில்லை. சுல்மிரா ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் வேனை ஓட்டினாள். பிள்ளைகள் கொஞ்சம்தான். அர்லிந்தோவுக்குக் காது மந்தமாகிவிட்டது, வாய் அப்படியே இருந்தது.

காற்று மறுபடி வேறு திசையில் திரும்பியது. எங்கோ கிழக்கே போர் மூண்டது, எரிவாயு விலை ஏறியது. பிரஸ்ஸல்ஸிலும் லிஸ்பனிலும் எல்லாரும் காற்றாலை, காற்றாலை என்றார்கள். அனுமதிகளைச் சீக்கிரம் கொடுங்கள் என்று சட்டம் வந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க் கூடத்தில் பொதுமலைக் கூட்டம் கூட்டினார்கள். கம்பெனியிலிருந்து லியோனோர் என்ற இளம் பொறியாளர் வந்திருந்தாள். மரியாதையான பெண். பழைய காற்றாலைகளை எடுத்துவிட்டு, எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவாக, ஆனால் இரண்டு மடங்கு பெரிய காற்றாலைகள் வைக்கப்போவதாகச் சொன்னாள். வாடகை குறையாது, கூடும். இறக்கை ஊருக்குள் நுழையவே முடியாத நீளம். மலையின் மறுபக்கம் நெடுஞ்சாலையிலிருந்து புதுப் பாதை வெட்டுவார்கள்.

"அப்ப எங்க ஊருக்குள்ள சத்தமே இருக்காதுன்றீங்க," என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"இருக்காதுங்க. உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்ல."

"தொந்தரவு இல்லன்னா திருவிழாவுக்கு என்னத்தப் பாக்குறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சுல்மிராவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவள் எழுந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பழச எப்படி இறக்குவீங்க?"

"மலைமேலயே அறுத்துருவோங்க. துண்டாக்கி சாதாரண லாரியில கொண்டு போயிருவோம். சிமெண்டு ஆலையில எரிச்சுக்குவாங்க, கொஞ்சம் வேற பொருளாவும் செய்வாங்க."

"சரிம்மா," என்று உட்கார்ந்துவிட்டாள்.

கை தூக்கச் சொன்னார்கள். அவள் தூக்கினாள். யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் காற்றாலை வேண்டாம் என்று சொல்ல அவளால் ஆகாது. பக்கத்தில் அர்லிந்தோ இரண்டு கையையும் தூக்கியிருந்தான்.

"என்னய்யா பண்றீங்க? ஒத்தக் கை போதும்."

"எதுக்குத் தூக்கச் சொன்னாங்கன்னு காதுல விழல. எதுக்கும் இருக்கட்டும்னு."

வெட்டத் தொடங்கிய அன்று அவள் மலைக்குப் போனாள். கூப்பிட்டது கீம்தான். துண்டுகளை ஏற்றிப்போகும் லாரிக்கு அவனை எடுத்திருந்தார்கள். மேலே இறக்கைகள் புல்லின்மேல் கிடந்தன. மழையும் வெயிலும் தின்று முன்விளிம்பு சொரசொரப்பாகியிருந்தது. ரம்பம் போட்டதும் வெள்ளைத் தூசி எழுந்து காற்றோடு போயிற்று. ரொட்டியை அறுப்பது போல அறுத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கூடு. தெரிந்ததுதான், இருந்தாலும் அவள் மேற்கொண்டு பார்க்கவில்லை. லாரியில் ஏறி கீமின் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

கீம் மீன் வடையைப் பிட்டுப் பாதி கொடுத்தான். "பாத்தியா, தடியன இப்ப குப்பை லாரி டிரைவராக்கிட்டாங்க."

"நீ எப்பவுமே குப்பையாத்தான் ஓட்டுவ."

"ஃபொன்தெலா வளைவுல நான் பயப்படலன்னா நீ இன்னைக்கும் தனியாத்தான் இருந்திருப்ப. உண்மையச் சொல்றேன், அன்னைக்குக் கொஞ்சம் வளச்சுப் பின்னால எடுத்திருக்கலாம். பசி. ஊருக்குள்ள ஆட்டுக்கறி வாசன."

சுல்மிரா அவனை முறைத்தாள். பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வழிந்தது. கீம் அதைப் பார்க்காத மாதிரி கண்ணாடித் துடைப்பானைப் போட்டான். வெளியே மழை இல்லை.

அந்தச் செய்தியை அவள் அர்லிந்தோவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும் என்று அவளுக்குச் சந்தேகம்.

போன வசந்தத்தில் வியானாவுக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில், துறைமுக அலைதடுப்புச் சுவரில் கூட்டம் நிற்பதைக் கண்டு காரை ஓரங்கட்டினார்கள். நடுக்கடலில் மிதக்கவிடப்போகும் காற்றாலை ஒன்றை எல்லைக்கு வடக்கே கலீசியாவிலிருந்து இழுத்துவருகிறார்களாம். மீனவர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், வலை போடும் இடமெல்லாம் போச்சு என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கென்ன, மலையில வச்சீங்க, மாடு மேஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு. மீனு மேயுமா?" என்று ஒருத்தி, மலை ஊர்ப் பேச்சை அடையாளம் கண்டு, சுல்மிராவிடமே கேட்டாள். நியாயம்தான் என்று பட்டது. உங்கள் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் வலை போடுவார் என்று விசாரித்தாள். பெண் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. பெயர், பிள்ளைகள், படகின் பெயர் எல்லாம் வந்துவிட்டன.

அப்போது அடிவானத்தில் அது தெரிந்தது. நிற்கிறதா, வருகிறதா என்று சொல்ல முடியாத மெதுவு. கோபுரமும் மூன்று இறக்கைகளும் நின்றபடியே கடலில் வந்தன. அர்லிந்தோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"அது முன்னால சின்னதா என்னமோ போகுதே?"

"படகு. வழி காட்டுது."

"யாரு ஓட்டுறாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"கேட்டுப் பாரு. உனக்குத்தான் இப்ப இந்தம்மாவத் தெரியுமே."

சுல்மிரா மீனவப் பெண்ணிடம் கேட்டாள். படகை ஓட்டுவது அவளுடைய அண்ணன் மகளாம். போன வருஷம்தான் லைசென்ஸ் எடுத்தாளாம். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, அப்பன் பேசுவதே இல்லை, ஆனாலும் ஓட்டுகிறாள் என்றாள் அந்தப் பெண், குறை சொல்கிற மாதிரியும் பெருமைப்படுகிற மாதிரியும். சுல்மிரா அவளோடு நெடுநேரம் பேசிக்கொண்டு நின்றாள். டாக்டர் நேரம் தவறிப்போயிற்று. அர்லிந்தோ வறுத்த மத்தி மீன் வாங்கிவந்து, அந்தப் பெண்ணும் சேர்ந்து மூன்று பேருமாகச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.